உப்புச் சுவர்

ஸரூக் என்ற பெயரை நான் எடுத்தாலே என் மகள் ஹம்ஸியா எழும்பிப் போய்விடுவாள். "தொடங்கிட்டீங்களா உம்மா" என்பாள். நடந்ததெல்லாம் அவளுக்காகத்தான், ஆனால் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை. போகட்டும். நீங்கள் இப்படி வாசலில் உட்காருங்கள். அந்தச் சுவரில் சாய வேண்டாம், உடுப்பில் ஒட்டும். உப்புச் சுவர் அது.

இந்த வீடு ஒரு காலத்தில் உப்புக் கிட்டங்கி. என் மாமனார் தவளம் ஓட்டியவர். பொதிமாடுகளின் முதுகில் அம்பாந்தோட்டையிலிருந்து உப்பு ஏற்றிப் பதுளைக்குக் கொண்டு வருவார். நாற்பது வருஷம் உப்பு மூட்டைகள் சாய்ந்து கிடந்த மண் சுவர் இது. வண்டிப் பாதை வந்ததும் தவளம் செத்துப்போனது, மாமனாரும் போய்ச் சேர்ந்தார். கிட்டங்கியில் நானும் என் கணவர் ஜுனைதீனும் குடியிருந்தோம். மழை வந்தால் சுவர் வியர்க்கும். வெயில் வந்தால் வெள்ளையாகப் பூக்கும். சுண்ணாம்பு அடித்து அடித்து எனக்குக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

என் கணவர் இறைச்சி மாடு வைத்திருந்தார். வெறும் மாடு மேய்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நமுனுகுல மலைக்குக் கீழே பத்தனை என்று நாங்கள் சொல்லும் புல்வெளி இருக்கிறதே, அது பார்க்கத்தான் பச்சை. சத்துக் கெட்ட புல். அதை மட்டும் தின்று வளரும் மாட்டுக்கு முதலில் ரோமம் சிலிர்த்து நிற்கும். பிறகு முன்கால் விறைக்கும், நொண்டும். மண்ணைத் தின்னும். வழியில் எலும்பு கிடந்தால் வாயில் போட்டு நாள் முழுக்க மெல்லும். மாடு எலும்பு தின்பதைப் பார்த்தவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று பயந்து, வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். என் கணவர் அப்படிப்பட்டதைத்தான் தேடிப் போய் வாங்குவார். ஆறு மாதம் கழித்து அதே மாடு தொடை திரண்டு, தோல் மினுமினுத்து நிற்கும். தோட்டத்துத் துரைமாருக்கு வாரா வாரம் இறைச்சிப் பெட்டி சுமந்து போகிற ஆட்கள் எங்கள் மாட்டு இறைச்சி என்றால் வரிசையில் நின்று வாங்கிப் போவார்கள்.

எப்படித் தேற்றினார்? அவருடைய வாப்பாவின் பொதிமாடுகள் ஒருநாளும் நொண்டியதில்லை. உப்பு மூட்டையை நக்கிக்கொண்டே நடந்த மாடுகள் அவை. அதிலிருந்து உப்பைப் பிடித்தார். எலும்பை அவராகவே கண்டுபிடித்தார். "மாட்டுக்குப் பைத்தியமில்ல ஸவாஹிரா, ஒடம்புல எது கொறையுதோ அதத் தேடுது, நம்ம புள்ளத்தாச்சி சாம்பல் திங்கிறாளே அப்படித்தான்" என்பார். அறுத்த மாட்டின் எலும்பைக் குழியில் போட்டு வெள்ளை வெளேரென்று ஆகும்வரை எரிப்போம். உரலில் இடித்து, துணியில் சலித்து, இரண்டு பங்கு உப்புக்கு ஒரு பங்கு சாம்பல் கலப்போம். இடித்தது நான். சலித்தது நான். மூக்கைப் பொத்திக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் நின்றதும் நான்தான்.

வியாழக்கிழமை பின்னேரம் ஒரு பாத்திஹா ஓதிவிட்டு அந்தப் பொடியை மரத்தொட்டியில் கொட்டுவார். எந்த வேலையையும் அவர் அப்படித்தான் தொடங்குவார், முடி வெட்டப் போவதானாலும் ஓதிவிட்டுத்தான் போவார். ஊர் பார்த்தது ஓதுவதை மட்டும். ஜுனைதீனின் ஓதலில் பரக்கத் இருக்கிறது, மயிலையின் கழுத்து மணியில் மந்திரம் மாதிரி இஸ்ம் எழுதியிருக்கிறது, அதுதான் மாடு தேறுகிறது என்று பேசிக்கொண்டார்கள். மயிலை எங்கள் முதல் பசு, மந்தையை முன்னால் நடத்திப் போகிறவள். அவள் மணியில் ஒரு மண்ணும் எழுதியிருக்கவில்லை. என் கணவர் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். தொழில் ரகசியம் வெளியே போகாமல் இருந்தால் அவருக்குப் போதும்.

பண்டாரவளைக்கு ரயில் வந்த அடுத்த வருஷம், ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் கண்டு ஆறாம் நாள் அவர் மௌத்தானார். இருபத்து நாலு மாடு, ஒன்பது வயது மகள், நான்.

எங்கள் வழக்கம் தெரியும்தானே. புருஷன் மௌத்தானால் பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கக்கூடாது. அவருடைய தம்பி ஸரூக் அந்த நாளைத்தான் தேர்ந்தெடுத்தான். பத்தாம் நாள் காலையில் நாலு ஆட்களோடு வந்து கதவுக்கு வெளியே நின்றான்.

"மதினி, மாடெல்லாம் வாப்பாட தவளத்துச் சொத்து. நானாவும் நானும் கூட்டு. நானா இல்லாட்டி எனக்குத்தான் வரும். ஓட்டிட்டுப் போறேன்."

நானா என்றது அண்ணனை, என் கணவரை. வாப்பாவின் தவளத்து மாடு ஒன்றுகூட அந்த மந்தையில் இல்லை. எல்லாம் என் கணவர் கண்ட கண்ட கிராமத்தில் நொண்டி மாடு வாங்கிச் சேர்த்தது.

"ஹம்ஸியாட பங்கு?" என்று உள்ளே இருந்து கத்தினேன்.

"பொம்புளப் புள்ளைக்கு மாடு என்னத்துக்கு? நான் பாத்துக்குவேன்."

"மத்திச்சத்துக்கிட்டக் கேட்டீங்களா?"

"நீங்க இத்தாவுல இருக்கிற ஆள். எழும்பி வந்து கேளுங்க பாப்பம்."

பள்ளிவாசல் விவகாரமெல்லாம் பேசித் தீர்ப்பவர் ஸலீம் மத்திச்சம். அவரிடம் நான் எங்கே போவது? வாசலைத் தாண்டினாலே ஊர் வாயில் விழ வேண்டும். மார்க்கப்படி அந்த இருபத்து நாலில் எனக்கு மூன்று, மகளுக்குப் பன்னிரண்டு, அவனுக்கு ஒன்பது. ஒன்பதை நான் மறுக்கவே இல்லை. அவன் இருபத்து மூன்றை ஓட்டினான். ஒன்றை விட்டான். என் கணவர் சாகிறதுக்கு ஒரு மாதம் முந்தி மடுல்சீமைப் பக்கம் வாங்கிய ஒன்றரை வயதுக் காளைக்கன்று அது. மூன்று காலில் நடக்கும், விலா எலும்பை எண்ணலாம்.

"அந்த நொண்டிக் கன்ன நீங்களே வச்சிக்கொள்ளுங்க. இந்தக் கிட்டங்கியும் உங்களுக்கே. பசிச்சா சுவர நக்கிக்கிட்டுக் கெடங்க மதினி, உப்பாவது இருக்கும்."

அந்த நாலு பேரும் சிரித்தார்கள். மயிலையின் மணிச் சத்தம் பாதையில் தேய்ந்து போகிறவரைக்கும் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாவி, என் கணவரின் கபுறு மண்கூட அப்போது காயவில்லை. அந்தச் சொல்லை உன்னையே தின்ன வைக்கிறேன் பார் என்று அன்றைக்குக் கறுவினேன்.

போகிற போக்கில் கொல்லையிலிருந்த சாம்பல் பானையையும் தூக்கிக்கொண்டு போயிருந்தான். அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு மாதம் கழித்துப் பூவம்மா வந்து சொன்னாள்.

பூவம்மா நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பெண். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள், கங்காணியோடு சண்டை போட்டுவிட்டு வெளியேறி எங்களிடம் மாடு மேய்க்க வந்தாள். மாட்டை உயிராகப் பார்ப்பாள். எலும்பை மட்டும் தொட மாட்டாள், அவளுக்கு அது ஆகாது. எரிக்கிற நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் போய் நிற்பாள். இப்போது மாடுகளோடு அவளும் ஸரூக்கிடம் போயிருந்தாள். வேறு எங்கே போவாள்?

"வெள்ளச் சாம்பலு நல்லாருக்குன்னு அவுங்க வீட்டம்மா சட்டி தேய்க்கிறாங்கம்மா" என்றாள். "பித்தளச் செம்பெல்லாம் பளபளன்னு இருக்கு."

ஸரூக்கின் மனைவி ஸைனப்புக்கு என் கணவரின் மருந்து சட்டி தேய்க்கும் சாம்பல்! இத்தாவில் இருந்த நான் அன்றைக்குத்தான் முதல் தடவை சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். பூவம்மா சிரிக்கவில்லை.

"மாட்டுக்கு என்ன குடுக்கிறான்?" என்றேன்.

"ஒண்ணுமில்லங்க. வியாழக்கெழம பள்ளிவாசல் ஷுக்ரி லெப்பையக் கூட்டியாந்து ஓத வைக்கிறாரு. மயிலை மணியக் கழுவி அந்தத் தண்ணியத் தெளிக்கிறாரு. அய்யா தொட்டியில பொடி போடுவாங்கன்னு நான் சொன்னேன். இவ்வளவு புல்லு கெடக்கும்போது பொடி எதுக்கு, பரக்கத்து ஓதுறதுலதான் இருக்குன்னு சத்தம் போட்டுட்டாரு."

"நல்லா ஓதட்டும்."

"அம்மா, ரெண்டு காள முன்னங்கால இழுக்குதுங்க. செவலை மண்ணு திங்குது. நீங்க பொடி பண்ணிக் குடுத்தா நானே அவருக்குத் தெரியாமப் போட்டுருவேன்."

"வாயத் தெறந்தே, அந்த வாயிலயே போடுவேன். என் வீட்டுப் பொடி ஒரு சிட்டிகை அவன் பட்டிக்குப் போகக்கூடாது."

பூவம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எழும்பிப் போனாள். எனக்கு அதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. நான் வேறு கணக்கில் இருந்தேன். ஸலீம் மத்திச்சத்துக்கு வயதாகிவிட்டது, அடுத்த மத்திச்சம் தான்தான் என்று ஸரூக் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதற்காக ஜும்ஆவில் எழும்பி நின்று, இந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு என் பட்டியிலிருந்து மூன்று மாடு குர்பான் தருகிறேன் என்று அறிவித்துவிட்டான். அறுக்கிற ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு. மூன்று மாட்டுக்கு இருபத்தொரு குடும்பம். பெருமைக்கு என்ன குறைச்சல்! ஆனால் குர்பான் மாட்டுக்குச் சட்டம் இருக்கிறது. நொண்டி ஆகாது. எலும்பும் தோலுமாய் மெலிந்தது ஆகாது. லெப்பை பள்ளிவாசல் மைதானத்தில் எல்லார் முன்னாலும் நடக்க விட்டுப் பார்ப்பார். ஸரூக் அதை மறந்தான். நான் மறக்கவில்லை. அவனுடைய மாடுகள் அந்த மைதானத்தில் நொண்டுகிறவரைக்கும் நான் வாய் திறக்கப் போவதில்லை.

என்னிடம் கன்று இருந்தது. மூலையில் ஒரு சாக்கு பழைய எலும்பு இருந்தது. உப்புக்குக் கையில் காசு இல்லை. அதனால் அவன் சொன்னபடியே சுவரை நம்பினேன். கத்தியால் சுவர் மண்ணைச் சுரண்டி, பானையில் ஊற வைத்து, தெளிந்த தண்ணீரை வடித்துக் காய்ச்சினால் அடியில் உப்புப் படியும். அழுக்கு நிறம், இருந்தாலும் உப்பு. கொல்லையில் எலும்பு எரித்தேன், இடித்தேன், கலந்து சிரட்டையில் வைத்தேன். அந்தக் கன்று முதல் நாள் சிரட்டையையும் சேர்த்துக் கடித்தது. இரண்டு மாதத்தில் நாலாவது காலை ஊன்றியது. இத்தா முடிந்து நான் வாசலில் கால் வைத்த அன்றைக்கு என்னை முட்டித் தள்ளியது. ஏசினேன், ஏசிக்கொண்டே அழுதேன்.

இத்தா முடிந்ததும் மத்திச்சத்துக்கு ஆள் அனுப்பினேன். "ஹஜ்ஜு முடியட்டும், பாப்பம்" என்று பதில் வந்தது. மூன்று மாடு தருகிறவனைப் பெருநாளைக்கு முந்தி யார் பகைப்பார்கள்? எனக்குக் கோபம் வரவில்லை. ஹஜ்ஜுக்குத்தான் நானும் காத்திருந்தேன்.

வைகாசியில் காற்று எழும்பிப் பத்தனை காய்ந்தது. அப்போதுதான் மாடுகள் வரத் தொடங்கின. ஸரூக்கின் பட்டியை உடைத்துக்கொண்டு நண்பகலில் வந்து என் வெளிச்சுவரை நக்கின. என் மகளின் மாடுகள்தான், பெயர் சொன்னால் திரும்பும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்பை எடுத்து அடித்துத் துரத்தினேன். என் சுவரை நக்கி அவை தேறிவிட்டால் ஸரூக் தப்பித்துவிடுவான். ஒவ்வொன்றாக அடித்தேன். மற்றதெல்லாம் ஓடின.

மயிலை ஓடவில்லை. கன்று போட்டுப் பால் கொடுத்தவள், மற்ற எல்லாவற்றையும்விட அவளுக்குத்தான் மோசம். முழங்கால் வீங்கி, நடக்கும்போது மூட்டு சடக் சடக்கென்று கேட்கும். வாயோரத்தில் ஒரு எலும்புத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுச் சுவரை நக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு நக்கினாள். ஒரே இடத்தில் நாக்கு போய்ப் போய் அங்கே ஒரு குழி விழுந்துவிட்டது. நான் கம்பை ஓங்கினேன், அவள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி நக்கினாள். ஹஜ்ஜுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. முதுகில் இரண்டு போட்டேன். போ சனியனே என்றேன். அவள் மெதுவாகத் திரும்பி விறைத்த காலோடு பள்ளத்துப் பாதையில் இறங்கினாள்.

பாலத்துக்குப் பக்கத்தில் சறுக்கி விழுந்தாள். பலமான விழுகை இல்லை, ஒரு முழ உயரம்தான். அதற்கே முன்னங்கால் காய்ந்த குச்சி மாதிரி இரண்டு இடத்தில் முறிந்துபோனது. ஸரூக்கின் ஆட்கள் ஓடி வந்து உயிர் போகுமுன் பிஸ்மி சொல்லி அறுத்தார்கள். சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

மறுநாள் பூவம்மா வந்தாள். தலையில் ஒரு சாக்கு. வாசலில் அதைத் தொம்மென்று போட்டாள். கையெல்லாம் ரத்தம். எலும்பு என்றாலே பத்தடி தள்ளி நிற்கிறவள் தன் கையால் பொறுக்கி, தன் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"மயிலைங்க" என்றாள். "இதயும் பொடி பண்ணி வச்சிக்கங்க. உங்களுக்கு வேண்டியதுதானே."

"பூவம்மா..."

"நாலு மாடு ஏற்கனவே செத்துருச்சி. இது அஞ்சு. அந்தாளுக்குத் தெரியலங்க, தெரியாமக் கொன்னாரு. நீங்க தெரிஞ்சுக்கிட்டே இருந்தீங்க."

அவள் ஆற்றில் கை கழுவப் போய்விட்டாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்து என்ன பேச்சுப் பேசுகிறாள் என்று கத்தினேன். கத்தி ஓய்ந்த பிறகு சாக்கை அவிழ்த்தேன். எரித்தேன். வேறு என்ன செய்வது? அந்த எலும்பு வெளுக்க நேரமே எடுக்கவில்லை. உரலில் போட்டதும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உடைந்தது.

பெருநாளுக்கு இரண்டு நாள் முந்தி, பள்ளிவாசல் மைதானத்தில் மாடு பார்த்தார்கள். பெண்கள் நாங்கள் ஓலை மறைப்புக்குப் பின்னால் நின்றோம். ஸரூக் புதுச் சால்வை போட்டு வந்திருந்தான். மூன்று மாட்டையும் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் பூசி, நெற்றியில் பூக்கூடக் கட்டியிருந்தான். ஷுக்ரி லெப்பை நடக்க விடச் சொன்னார். முதல் காளை நாலு அடி வைத்து முன்காலைத் தூக்கிக்கொண்டது. இரண்டாவது நடக்கவே மாட்டேன் என்றது. மூன்றாவது குனிந்து மண்ணைத் தின்னத் தொடங்கியது.

"ஆகாது" என்றார் லெப்பை. "மூணும் ஆகாது."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இருபத்தொரு குடும்பம் நம்பியிருந்தது, இரண்டு நாளில் வேறு மாட்டுக்கு எங்கே போவது? ஸரூக்கின் முகம் கறுத்துச் சுருங்கியதை ஓலை இடுக்கு வழியாக ஆசை தீரப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பூவம்மாவுக்குச் சைகை காட்டினேன். அந்த வாரம் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், கன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். அதற்குக் கன்று என்ற பெயர் இனிப் பொருந்தாது. கழுத்து தடித்த காளை. பூவம்மாவை இழுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியது.

லெப்பை பல் பார்த்தார், கண் பார்த்தார், கால்களைத் தடவினார். "மாஷா அல்லாஹ். ஏழு பங்குக்கு இது போதும். யாருட மாடு?"

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறைப்புக்கு வெளியே வந்தேன். "அத ஸரூக் தம்பிதான் சொல்லணும் லெப்பை. ஜுனைதீன்ட மாடெல்லாம் தன்ட மாடுன்னு ஓட்டிட்டுப் போனாரு. இது அதுல ஒண்ணு. மத்தது அவருடையதுன்னா இதுவும் அவருடையதுதான். நான் களவு மாட்டக் குர்பானுக்குத் தர ஏலாது."

லெப்பை கையை மாட்டிலிருந்து எடுத்துவிட்டார். "சொந்தம் தகராறுல இருக்கிற மாட்ட அறுக்க ஏலாது. மொதல்ல அதத் தீருங்க."

எல்லாருடைய பார்வையும் ஸரூக்கின் மேல் விழுந்தது. அவனுக்கு வியர்த்துவிட்டது.

"அது... அது மதினிட மாடுதான்" என்றான்.

"எப்படி?" என்று கேட்டார் ஸலீம் மத்திச்சம்.

"நானா வாங்கினது. மடுல்சீமையில."

"மத்த இருபத்து மூணையும் ஒன் வாப்பாவா வாங்கினாரு? அவரு மௌத்தாகிப் பத்து வருஷம். பத்து வருஷத்து மாடு ஒண்ணக் காட்டு பாப்பம்."

சிரிப்பு எழும்பியது. கதவுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துச் சிரித்த அந்த நாலு பேரும் இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஸரூக் மசியவில்லை. என்னை நோக்கிக் கையை நீட்டினான்.

"இவ சூனியக்காரி! என் மாட்டுக்கெல்லாம் என்னமோ வச்சிட்டா. தினமும் இவ சுவருக்குத்தான் ஓடுது. அந்தச் சுவருல நஞ்சு பூசியிருக்கா!"

இதற்காகத்தானே பொடிச் சிரட்டையை முந்தானையில் முடிந்து கொண்டு வந்திருந்தேன். எடுத்து நீட்டினேன். "கன்னுக்கு நான் குடுத்தது இதுதான் மத்திச்சம். அறுத்த மாட்டு எலும்ப எரிச்ச சாம்பலும், சுவத்துல சுரண்டின உப்பும். ஜுனைதீன் தொட்டியில போட்டதும் இதுதான். நஞ்சா இல்லையான்னு பாருங்க." விரலால் தொட்டு எல்லார் முன்னாலும் நக்கினேன். உப்பு, கொஞ்சம் மணல் மாதிரி. "இப்ப அவரு நக்கட்டும். பசிச்சா சுவர நக்கிக்கிட்டுக் கெடன்னு இத்தாவுல இருந்தவளப் பாத்துச் சொன்னவருதானே. சுவர நான் கொண்டு வந்துட்டேன்."

மத்திச்சம் அந்த நாலு பேரையும் பார்த்தார். "சொன்னானா?"

"சொன்னான்" என்றான் ஒருவன், தலையைக் குனிந்துகொண்டு.

"நக்கு ஸரூக்."

அவன் நின்றான். யாரும் அவனுக்குப் பரிந்து பேசவில்லை. சிரட்டையை நான் அவன் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன், விரலால் தொட விடவில்லை. கடைசியில் குனிந்து நாக்கை நீட்டி நக்கினான். நாக்கு முழுக்க வெள்ளை. துப்பப் பார்த்தான், மத்திச்சத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினான். அந்த ஒரு விழுங்கலுக்கு எட்டு மாதம் காத்திருந்தேன். அடேயப்பா, என்ன சுகம் அது! பொய் சொல்ல மாட்டேன்.

மத்திச்சம் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். எனக்கும் மகளுக்கும் பதினைந்து, காளையையும் சேர்த்து. ஸரூக்குக்கு ஒன்பது, செத்த ஐந்தும் அவன் பங்கில் போகும், அவன் கையில்தானே செத்தது. மீதி நாலு மாடு அவனுக்கு. காளையைக் குர்பானுக்குக் கொடுத்தேன். மற்றப் பதினாலும் நொண்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தன. பூவம்மா ஓட்டி வந்தாள். அன்றைக்கே தொட்டியைக் கழுவிப் பொடி கொட்டினோம். பாத்திஹா ஓதித்தான் கொட்டினேன்.

பெருநாள் கழிந்த மறுநாள் ஸரூக் வந்தான். கதவுக்கு வெளியே, அதே இடத்தில் நின்றான்.

"மதினி, நாலு மாட்டுக்குக் கொஞ்சம் பொடி தாங்க."

இன்னும் கொஞ்சம் குத்த வேண்டும் போல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. "தாறேன். அன்னைக்கு நீங்க நக்கினது யார்ன்னு தெரியுமா? மயிலை. அவ எலும்பத்தான் எரிச்சு இடிச்சுக் கொண்டு வந்தேன். நீங்க கொன்ன மாட்ட நீங்களே தின்னீங்க."

அவன் முகம் வெளிறும் என்று பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான், மயிலை நக்கிய குழியை.

"எனக்கு முந்தி அத நக்கினது நீங்கதான் மதினி" என்றான். "அவ உழுந்த அன்னைக்கு நான் மேட்டுல நின்னேன். இந்த இடத்துல வச்சு அவ முதுகுல ரெண்டு போட்டது யார்ன்னு பாத்தேன். மத்திச்சத்துக்கிட்டச் சொல்லியிருக்கலாம், சொல்லல."

கொல்லையில் பூவம்மா உரலில் இடித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் நின்றது. உள்ளே போய் நாலு மாட்டுக்கு ஒரு மாதத்துக்குப் போதுமான பொடியை ஒரு பானையில் நிரப்பினேன். வாசலில் வைத்தேன். சட்டி தேய்க்க வேண்டாம் என்று ஸைனப்பிடம் சொல்லுங்கள் என்றேன். அவன் எடுத்துக்கொண்டு போனான்.

அவனை நான் மன்னிக்கவில்லை. என் மகளின் வாயில் மண்ணைப் போடப் பார்த்தவன் அவன். மயிலை விஷயத்தில் என்னையும் மன்னிக்கவில்லை, அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதும் இல்லை, பூவம்மாவுக்கு மட்டும் சொல்லாமலே தெரியும். அந்தக் குழியை நான் பூசவில்லை, பாருங்கள், உங்கள் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த மாடு வந்து இந்தச் சுவரை நக்கினாலும் நான் விரட்டியதில்லை. ஸரூக்கின் நாலு மாடும் வந்து நக்கும், நக்கட்டும். கம்பு கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஸரூக் வந்தால் எடுப்பேன்.